மலை மேல் வாட்டர் சர்வீஸ்

கேள்வி: கொல்லிமலையில் பைக், ஜீப்புக்கு வாட்டர் சர்வீஸ் கடை போடப் போகிறேன். கரன்ட் அடிக்கடி போகிறது. மும்முனை இணைப்பும் இல்லை. எந்த மெஷின் வாங்கலாம்?

பதில்: யோசிக்காமல் பெட்ரோல் இன்ஜின் மெஷின். 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் அடிக்க சுமார் 3 கிலோவாட் வேண்டும். வோல்டேஜ் இறங்கும் ஒருமுனைக் கரன்ட்டில் மோட்டார் காயில் புகைந்துவிடும். 6.5 குதிரைத்திறன் இன்ஜின் தாராளம்.

கடையில் 'எத்தனை பார்?' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், லிட்டரையும் கேளுங்கள். மட்கார்டுக்குள் அப்பிய செம்மண்ணைப் பெயர்ப்பது அழுத்தம். வெளியே தள்ளுவது தண்ணீர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கணக்கில் 1000 லிட்டர் டேங்க் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட வராது. டேங்கைப் பம்புக்கு மேலே வைத்து, நடுவில் ஃபில்டர் போடுங்கள். தண்ணீர் தடைபட்டால் பம்ப் காற்றை இழுக்கும்; அப்புறம் அது உங்களுக்குத் தண்ணி காட்டும்!

பித்தளைத் தலை, செராமிக் பிளஞ்சர் உள்ள பம்பாகப் பாருங்கள். ஆயில் சீல், ஓ-ரிங், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு எல்லாம் இரண்டிரண்டு கையிருப்பில் இருக்கட்டும். ஒரு ரப்பர் வளையத்துக்காக 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவானேன்?

சிவப்பு நாஸிலை வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த ஊசித்தாரை பெயின்டையே உரித்துவிடும். பச்சை, வெள்ளை போதும்.