அழுக்குக்குத்தான் விலை

வாங்க மருமவனே, கையை ஏன் முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறீங்க? அபர்தீன் பஜார் முழுக்கப் பார்த்தாச்சு. நடுவிரல்ல நீலம்! ஏழரைக்கு ஜோசியர் சொன்னாராம். சென்னையில இருந்து இங்க அந்தமானுக்கு வர நமக்கே கப்பல் டிக்கெட் கிடைக்க மாட்டேங்குது, சனி பகவானுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுதோ.

சரி, எதுக்குக் காசு கொடுத்தீங்கன்னு தெரியுமா? நீலமும் மாணிக்கமும் ஒரே குருந்தக் கல்லு. அலுமினியமும் ஆக்சிஜனும்தான் சரக்கு. சுத்தமா இருந்தா நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்துல துளி குரோமியம் புகுந்தா மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்தா நீலம். வெளிச்சம் பட்டா இரும்புகிட்ட இருக்கிற எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவும். தாவுற தெம்புக்கு மஞ்சளையும் சிவப்பையும் முழுங்கிட்டு, மிச்ச நீலத்தை உங்க கண்ணுக்கு விட்டுடும். ஆக, நீங்க காசு கொடுத்தது கல்லுக்கில்ல, அதுல கலந்த அழுக்குக்கு. அதே இரும்பு என் வேட்டியில கறையாப் பட்டா உங்க அத்தை என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.

குரோமியம்தான் பெரிசுன்னா பஜாருக்கு ஏன் போகணும்? சிடியாடாப்புல நின்னு தெற்கே பாருங்க, ரட்லண்ட் தீவு. கடலுக்கடியில கிடந்த ஆழத்துப் பாறை மேல ஏறி வந்து நிக்குது. குரோமியக் கனிமமான குரோமைட் அதுல உண்டு, கன்னங்கரேல்னு. சிட்டிகை விழுந்தா ராஜா கிரீடம், பாறையாக் கிடந்தா எவன் திரும்பிப் பார்க்கிறான்?

இன்னொரு கூத்து, மாணிக்கத்தைச் சிவப்பாக்கின அதே குரோமியம்தான் மரகதத்தைப் பச்சையாக்குது. சுத்தி நிக்கிற அணுக்களோட பிடி மரகதத்துல கொஞ்சம் தளர்வு, அதனால முழுங்குற நிறம் மாறிடுது. உங்க அம்மா முன்னால ஒரு நிறம், என் வீட்டு வாசப்படி மிதிச்சா ஒரு நிறம்னு நீங்க மாறுற மாதிரின்னு வச்சுக்கங்க.

கடன் வாங்காத நிறமும் இருக்கு. இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர்ல பாரன் தீவு. ரொம்ப காலம் தூங்கிட்டு 1991ல மறுபடி கக்க ஆரம்பிச்ச எரிமலை. அது கக்கின கல்லுல ஆலிவின்னு ஒரு பச்சைக் கனிமம் உண்டு. நகை செய்யுற தரத்துல தெளிவாக் கிடைச்சா அதுக்குப் பெரிடாட்னு பேரு. அதுக்கு இரும்பு வெளியில இருந்து வந்த அழுக்கில்ல, உடம்போட சேர்ந்த சரக்கு. யோக்கியமான பச்சை. அதனாலதானோ என்னவோ மரகதத்துக்கு முன்னால விலை நிக்க மாட்டேங்குது.

இதை மட்டும் அத்தை காதுல போடாதீங்க. இலங்கையில கெவுடான்னு ஒரு கல்லு, பால் கலங்கின மாதிரி வெளுப்பு, சீந்த ஆளில்லாமக் கிடந்துச்சு. 1970கள்ல தாய்லாந்து வியாபாரிங்க அதைச் சல்லி விலைக்கு அள்ளிட்டுப் போய், 1,500 டிகிரிக்கு மேல உலையில வாட்டினாங்க. உள்ள இழை இழையா இருந்த டைட்டானியம் கரைஞ்சு இரும்போட கூடுச்சு, வெளுத்தது நீலமாச்சு. இன்னைக்குக் கடைக்கு வர்ற நீலத்துல பெரும்பாலானது சூடு கண்டதுதான். சூடு காணாததுக்கு ஆய்வகச் சான்றிதழும் தனி விலையும் உண்டு.

உங்ககிட்ட அந்தச் சான்றிதழ் இருக்கா? இல்லையா? சரி, பில்லையாவது காட்டுங்க. அடேங்கப்பா! ஏழரை வருஷத்து நஷ்டத்தையும் கடைக்காரர் ஒரே தவணையில வசூல் பண்ணிட்டாரே.