முற்றத்து வழி

கேள்வி: எங்களுடையது பாட்டன் காலத்து முற்றம் வைத்த வீடு. முன்கூடத்தில் ரவுட்டர், பின்கட்டில் வைஃபை பிரிண்டர். கட்டளை கொடுத்தால் பாதி நேரம் ‘ஆஃப்லைன்’ என்கிறது. பிரிண்டரை மாற்றிவிடலாமா?
- வாசகி, வைசியாள் வீதி, புதுச்சேரி

பதில்: பிரிண்டரைக் கோபிக்காதீர்கள் அம்மா, அது நிரபராதி. குற்றவாளி சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தடிமனாக எழுப்பிய சுவர், சித்திரை வெயிலையே வாசலில் நிறுத்துகிறது. வைஃபைக்கு மட்டும் வழிவிடுமா? அதற்காகத் துளை போட்டுவிடாதீர்கள். உங்கள் வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் பாரம்பரிய விருதே கிடைத்திருக்கிறது!

வழி முற்றத்தில் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பின்கட்டுக்குப் போகும் பாதையிலேயே அலையும் போகட்டும். ரவுட்டரை முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், சாரல் படாத இடத்தில், ஆள் உயரத்துக்கு மாட்டுங்கள். பிரிண்டரும் முற்றத்துப் பக்கக் கதவருகே வரட்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள், அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்தது, அலைவரிசை. வீட்டு பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பிரிண்டரை 2.4-ல் சேருங்கள். அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல் இருந்தால் 1, 6, 11 ஆகிய சேனல்களை மாற்றிப் பாருங்கள்.

அப்போதும் முரண்டு பிடித்தால், தாழ்வாரத்து உத்தரத்தையொட்டி ஒரு லேன் கேபிள் இழுத்து, பின்கட்டில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக வையுங்கள். புதிய பிரிண்டரை விடச் செலவு குறைவு.