ஒரே கிளிக்கில் பி.எச்.பி. மாற்றுவது

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது வலைதளங்களின் ஒண்டிக்குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்டுகள் குடியிருக்கும்; சாவி ஹவுஸ் ஓனரிடம். குடியிருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சீபேனல் என்ற ஒரு பக்கம் மட்டுமே. அதில், சைட் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியின் பதிப்பை மாற்ற ஒரு பட்டியல் இருக்கும். 5.6-ஐ எடுத்துவிட்டு 8.2-ஐத் தேர்ந்தெடுத்து, அப்ளை பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. பல சமயம் சைட்டும் முடிந்தது.

ஆசைப்பட்டு யாரும் இந்தப் பட்டியலைத் தொடுவதில்லை. 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றுபோயின. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் அதிலேயே ஓடும் சைட்டுகள் உண்டு. ‘பழைய பதிப்பை எடுக்கப்போகிறோம்’ என்று ஹோஸ்டிங் நிறுவனம் மெயில் அனுப்பும். கணக்குத் தொடங்கிய நாளில் கொடுத்த முகவரிக்குத்தான் அது போகும். ஒரு புடவைக்கடையின் சைட் என்றால், கணக்கைத் தொடங்கியவர் கடைக்காரரின் மச்சான். மச்சான் இப்போது ரியல் எஸ்டேட்டில் இருக்கிறார்.

பழைய நிரல் ஏன் புதிய பதிப்பில் ஓடுவதில்லை என்பதற்குக் காரணம் பி.எச்.பி.யின் பெருந்தன்மை. 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்த வலைப்பக்கத்துக்காகச் செய்துகொண்ட சில கருவிகளிலிருந்து வளர்ந்த மொழி இது. எதையும் கண்டுகொள்ளாமல் விடுவதே அதன் சுபாவம். அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தினால், ‘சரி, காலி என்று வைத்துக்கொள்வோம்’ என்று மேலே போகும். பூஜ்யமும் ‘அப்பா’ என்ற சொல்லும் சமமா என்று கேட்டால், 7.4 வரை, சமம் என்றே சொல்லிவந்தது. 2020 நவம்பரில் வந்த 8.0-தான் இல்லை என்று சொல்லத் துணிந்தது. அதுவரை அந்த ‘சமம்’ என்ற பதிலை நம்பிக் கணக்குப் போட்ட பில்லிங் நிரல்களின் கதி தனிக் கதை.

எல்லாமே எச்சரிக்கை இல்லாமல் நடந்துவிடவில்லை. டேட்டாபேஸைத் தொடும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் போகப்போகின்றன என்று 2013-இல் 5.5 பதிப்பே சொன்னது. 2015 டிசம்பரில் 7.0 அவற்றை நீக்கியது. ஆனால் எச்சரிக்கை வந்தால் அதை வாசிப்பது ஒரு வழி, வரிக்கு முன்னால் ஓர் ‘அட்’ குறி போட்டு அதன் வாயை அடைப்பது இன்னொரு வழி. நாடு இரண்டாவதையே தேர்ந்தெடுத்தது. 8.0-இல் பெரும் பிழைகளை அந்தக் குறியாலும் அடக்க முடிவதில்லை.

மாற்றியதும் தோன்றுவது பெரும்பாலும் வெள்ளைப் பக்கம். பிழைச் செய்தியைப் பார்வையாளருக்குக் காட்டாதபடி சர்வர் அமைந்திருப்பதால், விவரமெல்லாம் எரர் லாக் என்ற ஃபைலுக்குள் போய்விடும். பல வருடத்து எச்சரிக்கைகளைத் தின்று கொழுத்திருக்கும் அந்த ஃபைலைத் திறந்தால் முதலில் பிரவுசர் திணறும். கடைசி வரியில், இப்படியொரு ஃபங்ஷனே இல்லை, 14-ஆம் வரி என்று இருக்கும். வேர்ட்பிரஸ் சைட்டானால் 2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல் ஒரு வசதி உண்டு: சைட் விழுந்தால், மீட்பு லிங்க்கை அட்மின் முகவரிக்கு மெயிலில் அனுப்பிவிடும். அதாவது, மச்சானுக்கு.

வெள்ளைப் பக்கத்தைவிட மோசமானது ஒன்று உண்டு. சர்வருக்கு அமைப்புகளைச் சொல்லும் எச்.டி.ஆக்சஸ் ஃபைலில் பழைய பதிப்பைச் சுட்டும் ஒரு வரி ஒளிந்திருந்தால், சர்வர் நிரலை ஓட்டாமல் அப்படியே கையில் கொடுத்துவிடும். புடவை விலை பார்க்க வந்தவரின் மொபைலில் கடையின் நிரல் டவுன்லோட் ஆகும்.

பி.எச்.பி.யுடன் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களையும் பார்க்க வேண்டும். பல ஹோஸ்ட்டுகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிக் பட்டியல் உண்டு. பழையதில் போட்ட டிக் புதியதற்கு வராது. தமிழ் சைட்டுகள் கவனிக்க வேண்டியது எம்பிஸ்ட்ரிங். யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஓர் எழுத்தே மூன்று பைட். அதை நடுவில் வெட்டாமல் எண்ணுவது இதன் வேலை. யூனிகோடை மொழிக்குள்ளேயே கொண்டுவர பி.எச்.பி. 6 என்று ஒரு முயற்சி நடந்து, 2010-இல் கைவிடப்பட்டது. பதிப்பு வரவில்லை, அதைப் பற்றிய புத்தகங்கள் மட்டும் வந்தன. எனவே அடுத்த பெரிய பதிப்புக்கு 7 என்று பெயர். தமிழுக்கு இன்னும் அந்த டிக்.

ஒழுங்கான முறை ஒன்று இருக்கிறது. முழு பேக்கப் எடுத்து, ஒரு சப்டொமைனில் நகல் வைத்து, அதற்கு மட்டும் பதிப்பை மாற்றிப் பார்க்கலாம். 5.6-இலிருந்து ஒரே தாவாகத் தாவாமல் 7.4-இல் நின்று, லாக்கைச் சுத்தமாக்கிவிட்டு 8-க்குப் போகலாம். இம்முறையை எல்லோரும் அறிவர், இரண்டாவது தடவையில்.

கடைசியாக, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள். சீபேனலில் மாற்றிய பதிப்பு பெரும்பாலும் பிரவுசர் வழியாக வரும் பக்கங்களுக்கானது. நள்ளிரவில் ஓடும் கிரானுக்கு எந்தப் பதிப்பின் பாதை எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான். பாதை எழுதாவிட்டால் சர்வரின் பொதுப் பதிப்பு. ஆகவே பகலில் 8.2-இலும் இரவில் 5.6-இலும் ஓடும் சைட்டுகள் உண்டு. ஹோஸ்ட் 5.6-ஐ எடுத்த இரவிலிருந்து சந்தாதாரர்களுக்கான வாராந்திர மெயில் நின்றுபோயிருக்கும். அதைப் பற்றிப் புகார் ஏதும் வந்திருக்காது.