மாப்பிள்ளை முதலாளி ஆகப்போறாரு

வாரும் மருமவனே, உக்காரும். முதலாளி ஆகப்போறீராமே, உம்ம மாமியா சொன்னா. டீக்கடை பிரான்சைஸ் எடுக்குதீராம். பேரு கம்பெனிக்காரன் பேரு, போர்டு அவன் போர்டு, டீத்தூள் அவன் டீத்தூள். கல்லாவுல இருக்க பில் மிஷின்கூட அவன் ஆபீசுக்குத்தான் கணக்குச் சொல்லுமாம். கடன் மட்டும் உம்முது. நல்ல முதலாளிதான் வே!

கோவிச்சுக்காதேயும். நானும் அவன் கொடுத்த நோட்டீசப் படிச்சேன். வழுவழுன்னு என்னா தாளு! ‘மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கலாம்’னு போட்டிருக்கான். யாரு சம்பாதிக்கன்னு போடல, பாத்தீரா?

ராயல்டின்னு 5 சதவீதம் கேக்கானே, அது லாபத்துலன்னு நெனச்சீராக்கும்? வித்த காசுல வே. ஒரு டீ 15 ரூபா, நாளைக்கு 300 டீ ஓடுதுன்னே வச்சுக்கிடும். மாசம் 1,35,000. அதுல 5 சதவீதம் 6,750. அதுக்கு மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,215. ஆக 7,965 ரூபா. பால், கேஸ், வாடகை, கரண்டு, பையனுவ சம்பளம்னு எல்லாம் போயி உமக்கு நட்டம்னாலும் அது போயே தீரும். நம்ம ஊருல வாரத்துக்கு விட்ட வயல்ல அறுப்புக்கூலியக் கழிச்சுட்டுத்தான் பங்கு பிரிப்பாக. இவன் ஒண்ணையும் கழிக்காம களத்துலயே அளந்துக்கிடுதான். போதாததுக்கு டீத்தூளையும் கப்பையும் அவன்கிட்டத்தான் வாங்கணுமாம், அவன் வச்சதுதான் வெல. சுவத்துக்கு நம்ம தெரு பெயிண்டர் பிரஷ்ஷத் தொட்டா பிராண்டுக்குத் தீட்டாம்!

அமெரிக்காவுல ரே கிராக்னு ஒருத்தன். மில்க்‌ஷேக் கலக்குத மிஷின் வித்தவன். 1954ல மெக்டொனால்டு அண்ணன் தம்பி கடையப் பாத்து அசந்துபோயி, அடுத்த வருசமே அந்தப் பேர்ல தானும் ஒண்ணு தொறந்தான். கிளை கேட்டு வந்தவன்கிட்ட 950 டாலர், வித்ததுல 1.9 சதவீதம் வாங்கினான். அது அவனுக்கே கட்டல. பொறவு ஹாரி சோனபார்ன்னு ஒரு கணக்குப்புலி வந்து, மனைய நாம பிடிச்சு கிளைக்காரனுக்கு வாடகைக்கு விடுவோம்னான். அங்கதான் துட்டு கொட்டுச்சு. 1961ல 27 லட்சம் டாலரக் கொடுத்து அண்ணன் தம்பியையே வெளிய அனுப்பிட்டான். பேருக்குச் சொந்தக்காரனுக்கே அந்தக் கதின்னா, பேர வாடகைக்கு எடுக்க நம்ம கதிய யோசியும். அதனால கடை வாடகை ஒப்பந்தமாவது உம்ம பேர்ல இருக்கட்டும்.

அமெரிக்காவுல பிரான்சைஸ் கொடுக்குதவன் கையெழுத்துக்கு 14 நாள் முந்தியே, எத்தன கடை மூடுனான், என்னென்ன கேஸ் நடக்குன்னு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தாகணும். நம்ம நாட்டுல இதுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. 1872ல வெள்ளக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டத்த வச்சுத்தான் ஓட்டுதோம். அதனால நீருதான் கேக்கணும். நல்லா ஓடுத கடைக்கு அவனே கார் வச்சுக் கூட்டிட்டுப் போவான். மூடுன கடைக்கு நீரு பஸ்சுலதான் போகணும், போயி அத நடத்துனவன்கிட்டப் பேசும். ஓடுத கடையிலயும் கருக்கல்ல போயி உக்காந்து, ராத்திரி வரைக்கும் கிளாச எண்ணும். அவன் நீட்டுத ஒப்பந்தத்துல, இதே ரோட்டுல இன்னொருத்தனுக்குக் கொடுக்கமாட்டேன்னு எழுதியிருக்கானா, கடைய மூடுனா டெபாசிட்டு எப்ப வரும், வழக்குன்னா சென்னை கோர்ட்டுக்கா அலையணும், பாரும். தமிழ்ல கேளும், இங்கிலீசுல பதில் சொன்னா எந்திரிச்சு வந்திரும்.

எல்லாவனும் களவாணின்னு சொல்லல வே. அடுப்பே பத்தவைக்கத் தெரியாத உமக்கு பேரும் பக்குவமும் சேந்தே கிடைக்குன்னா துட்டு கொடுக்கலாம், தப்பில்ல. உம்ம துட்டா கொடும். என் மவ கழுத்துல கிடக்க சங்கிலிய மட்டும் கழத்தாதேயும். அதுக்கு வாங்குன கடன நான் இன்னும் கட்டி முடிக்கல.