காற்றுக்கு ஒரு காவல்காரன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் மழை பொய்த்தாலும் சீமைக்கருவேலம் முள் பொய்ப்பதில்லை. அதற்குப் பயந்து, பழைய காரின் நாலு டயருக்கும் காற்றழுத்தம் சொல்லும் சென்சார் மாட்டினேன். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு இதைத் திருகவேண்டியதுதான். டாஷ்போர்டில் இருக்கும் திரைக்குச் சோலார் சார்ஜ். இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!

அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். இங்கே 2020 அக்டோபர் முதல் ஒரு சலுகை: டியூப்லெஸ் டயர், இந்தக் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாமாம். விதி எழுதியவர் கருவேலங்காட்டோரம் கார் நிறுத்தியதில்லை போலும்.

காலையில் 33 காட்டிய திரை மதியம் 38 என்று கூவியது. முள்ளில்லை, சித்திரை வெயிலும் ஓடின சூடும்தான். பத்து டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும்.

எதற்கும் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் சென்சாரைக் குனிந்து பார்த்தார். "முள்ளு ஏறினா சொல்லுமா அண்ணாச்சி?"

"சொல்லும்."

"எடுக்குமா?"

காற்று பார்க்க அதைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உடனே திரை அலறியது: முன் இடது டயரில் காற்று பூஜ்யம். "என் சட்டை பஞ்சராம்ணே" என்றார்.