பரிமாறுதவன் போயிட்டானாம்

ஏலே பேராண்டி, போதும்லே. உனக்குப் பந்து எடுத்துக் கொடுத்த இன்சைடு பயலுக்கு மெட்ராஸ்ல டிபார்ட்மென்ட் டீம்ல வேலை கெடச்சுது, போயிட்டான். அவன் சந்தோசமா ரயிலேறிப் போனான். நீ இங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுத. காலையில கிருஷ்ணா நகர் மைதானத்துக்குப் போற, செயற்கைப் புல்லு மேல நாலு சுத்து ஓடுத, மட்டையத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பி வார. ஆத்தா சோத்த வச்சா பசிக்கலங்க. கோவில்பட்டியில ஆக்கி ஆடுதவன் வேலை கெடச்சு வெளியூரு போறது என்ன அதிசயமாலே? அதுக்குத்தான எல்லாப் பயலும் மட்டையத் தூக்குதான். அவனுக்கு முந்தி உனக்குக் கெடச்சிருந்தா நீ நின்னு யோசிச்சிருப்பியோ?

சரி, உன் வருத்தம் எனக்குப் புரியாம இல்ல. பந்தியில இலையப் போட்டு உக்காந்தவன் நீ. பரிமாறுதவன் உன் வயித்தளவு தெரிஞ்சவன். நீ நிமிந்து பாக்குறதுக்குள்ள வடை வந்து விழும். இப்பம் புதுசா ஒருத்தன் வாளியத் தூக்கிட்டு வாரான். உனக்கு வேண்டியத விட்டுட்டு ஊறுகாயா வைக்கான். நீ கைய மடக்கிக்கிட்டு உக்காந்திருக்க. ஊரே உன்னப் பாத்து ‘பாவம்’ங்குது. உனக்கும் அந்தப் பாவம் கொஞ்சம் ருசியாத்தான் இருக்கு, இல்லையா? பொய் சொல்லாத.

ஒரு கதை சொல்லுதேன், கேளு. கரிசக்காட்டுக் கெழவனுக்குப் பனிக்கட்டி ஆக்கி எப்படித் தெரியும்னு கேக்காத. செல்போனு உனக்கு மட்டுமா வெளிச்சம் காட்டுது? ராத்திரி தூக்கம் வராதவனுக்கு அமெரிக்காக்காரன் ஆட்டம்தான் துணை. அவன் காலுல கத்தியக் கட்டிக்கிட்டு ஐஸு மேல வழுக்கிட்டுப் போறான். பந்து கெடயாது, ரப்பர் வட்டு. துள்ளக் கூடாதுன்னு ஆட்டத்துக்கு முன்ன அந்த வட்டையும் உறைய வச்சிருவான். சட்டதிட்டமெல்லாம் வேற. ஆனா கோல் அடிக்கவனுக்கும் கொடுக்கவனுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் எல்லா ஊருலயும் ஒண்ணுதாம்லே.

செயின்ட் லூயிஸ் புளூஸ்னு ஒரு டீமு. அதுல பிரெட் ஹல்னு ஒருத்தன். அப்பன் பாபி ஹல்லு பெரிய ஆட்டக்காரன். ஆனா மகனுக்கு அப்பன் பேரு சோறு போடல. 1984ல ஆளெடுக்கும்போது 117ஆவது ஆளாத்தான் கால்கரிக்காரன் எடுத்தான். 1988 மார்ச்சுல செயின்ட் லூயிசுக்குத் தள்ளி விட்டுட்டான். அங்க முழுசா ஆடுன மொத சீசன்ல 41 கோலு. நல்ல கணக்குதான், ஆனா பாட்டுக் கட்டுற அளவுக்கு இல்ல.

1989 கோடையில ஆடம் ஓட்ஸ்னு ஒருத்தன் டெட்ராய்ட்டுல இருந்து வந்து சேந்தான். அந்தப் பயல ஆளெடுப்புல ஒரு டீமும் சீண்டல. காலேஜுல ஆடி முன்னுக்கு வந்தவன். மட்டையோட நுனிய வெட்டிக் குட்டையாக்கி வச்சிருப்பான். அடிக்கிறத விடக் கொடுக்கிறதுக்குத்தான் அவன் மட்டை. அவனுக்குப் பதிலா செயின்ட் லூயிஸ்காரன் தூக்கிக் கொடுத்தது யார தெரியுமா? பெர்னி பெடர்கோ, அந்த ஊரு செல்லப்பிள்ளை. ஊருக்காரன் நொந்து போயிருப்பான். பெடர்கோ டெட்ராய்ட்டுல ஒரே ஒரு சீசன் ஆடிட்டு மட்டைய மூலையில சாத்திட்டான். இங்க ஓட்ஸு வந்த மொத சீசனே ஹல்லு 72. அடுத்த சீசன் 86. அதுக்கடுத்து 70. ஒரே சீசன்ல 86க்கு மேல அடிச்சவன் உலகத்துலயே வெய்ன் கிரெட்ஸ்கி ஒருத்தந்தான்.

இப்பம் உன் மண்டையில என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். ‘பாத்தீங்களா தாத்தா, கொடுக்கவன் வந்தான், 41 போயி 72 ஆச்சு, நான் சொன்னது சரிதான?’ங்க. பொறுலே. கணக்குப் பாக்குறதுன்னா முழுக்கப் பாக்கணும். அந்த 86 கோல் அடிச்ச சீசன்ல மொத்தம் 80 ஆட்டம். ஓட்ஸு ஆடினது 61. மிச்ச 19 ஆட்டம் அவன் காயத்துல ஒதுங்கியிருந்தான். அவன் ஆடின 61 ஆட்டத்துல கோலுக்கு எடுத்துக் கொடுத்த பாஸு 90, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த 19 ஆட்டத்துல ஹல்லு ஒப்பாரி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா 86 எங்கலே வரும்? ஜோடியப் பத்திக் கதை சொல்லுதவன் எவனும் இந்த 19ஐச் சொல்ல மாட்டான். சொன்னா கதையில உப்பு கொறஞ்சு போயிரும்லா.

பெறகு வழக்கமான எழவு வந்துச்சு, சம்பளத் தகராறு. கோலடிக்கவனுக்குக் கொட்டிக் கொடுத்த டீமு, கொடுக்கவன் வந்து கேட்டதும் கணக்கு நோட்ட எடுத்துச்சு. எந்த ஊரு மொதலாளியும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சிருப்பான் போல. 1992 பிப்ரவரியில ஓட்ஸ பாஸ்டனுக்கு அனுப்பிட்டு, கிரெய்க் ஜானியவும் ஸ்டெபான் குவின்டாலையும் வாங்கிக்கிட்டான்.

ஓட்ஸு போன எடத்துல பட்டினி கெடந்தானா? அடுத்த சீசன்ல 97 பாஸு, லீக்கிலேயே அவந்தான் மொதல். அதுக்கடுத்த சீசன்ல அவன் பக்கத்துல ஆடின கேம் நீலி, முழங்கால் வலியோட, 44 ஆட்டத்துல 50 கோல் போட்டான். கொஞ்ச வருசம் கழிச்சு வாஷிங்டனுக்குப் போனான். அங்க பீட்டர் போன்ட்ரா 1997-98ல 52. ஆக, அவன் போற பந்தியில எல்லாம் எவனாவது வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிச்சிருக்கான். உன் பயலும் மெட்ராஸ்ல வேற எவனுக்காவது கொடுத்துக்கிட்டுத்தான் இருப்பான். அத நெனச்சு ராத்திரி புரண்டு புரண்டு படுக்காத.

இப்பம் மிச்சமிருந்த ஹல்லப் பாப்போம். ஓட்ஸு இல்லாத மொத முழு சீசன், 1992-93. ஹல்லு 54. கொறஞ்சுது, மறைக்கலயே. அதுவும் அந்த வருசம் கோலு மழையாக் கொட்டின வருசம். தீமு செலானியும் அலெக்சாண்டர் மொகில்னியும் ஆளுக்கு 76 அடிச்சான். அப்படிப்பட்ட வருசத்துல 54ன்னா ஊருல நாலு பேரு பேசத்தான் செய்வான். பேசட்டும். மறு சீசன் 57. உனக்கு 54 கசக்குதாலே? போன வருசம் ஊரு டோர்னமென்ட்டுல நீ எத்தன அடிச்சன்னு நான் ஒங்க அம்மாகிட்ட சொல்லலாமா?

ஆனா நான் ரசிச்ச எடம் அது இல்ல. 86 கோல் அடிச்ச சீசன்ல ஹல்லு மத்தவனுக்கு எடுத்துக் கொடுத்தது 45. கோலு 54ஆக் கொறஞ்ச சீசன்ல கொடுத்தது 47. புரியுதா? வாங்கித் தின்னவன் கொஞ்சம் வாளியும் தூக்க ஆரம்பிச்சிட்டான். அதே டீமுல பிரெண்டன் ஷானஹன்னு ஒரு தாட்டியான பய, அந்த சீசன்ல 51, அடுத்ததுல 52. ஓட்ஸு இல்லாத டீமுல ரெண்டு பேரு அம்பதத் தாண்டுதான்! ஏன்? எதிராளி ரெண்டு மூணு பேரு ஹல்லு பின்னாடியே திரிவான். ஹல்லு அவங்க எல்லாரையும் ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போயி நிப்பான். ஷானஹனுக்கு வாசல் தொறந்து கெடக்கும். கோலு அடிக்காமலே கோலுக்குக் காரணமா இருக்கதுக்கு எந்தப் பேப்பர்காரனும் பேரு போட மாட்டான். நான் சொல்லுதேன், அதுதாம்லே வேலை.

ஓட்ஸுக்குப் பதிலா வந்தாம்லா ஜானி, அவன் அந்த சீசன்ல கொடுத்த பாஸு 82. எவ்வளவு? எம்பத்திரெண்டு! அவன ஊருக்காரன் ‘ஓட்ஸு இல்லாதவன்’னே பாத்திருப்பான். நீ உன் டீமுக்குப் புதுசா வந்திருக்க சின்னப் பயலப் பாக்க பாரு, அதே பார்வை. அவன் பேரு என்னன்னாவது தெரியுமா உனக்கு? நேத்து நான் மைதானத்து வேலியோரம் நின்னு பாத்தேன். அவன் மூணு தடவ பந்த சர்க்கிளுக்குள்ள தள்ளி விட்டான். மூணு தடவயும் நீ பழையவன் எங்க தள்ளுவானோ அங்க போயி நின்ன. பந்து ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பெறகு ரெண்டு கையவும் விரிச்சு வானத்தப் பாத்த. வானம் என்னலே செய்யும், பாஸா போடும்?

நாலாவது தடவ அதவிடக் கேவலம். பின்னால பாதி மைதானத்துக்குப் போயி நீயே பந்த வாங்கி, நீயே நாலு பேர வெட்டி, நீயே அடிக்கப் பாத்த. மூணாவது ஆளுகிட்ட பந்து போயிட்டு. கொடுக்கவன் இல்லன்னதும் கோலடிக்கவனுக்கு வார வியாதி இது. ‘நானே எல்லாம்’னு ஒரு காய்ச்சல். பிரெட் ஹல்லுக்கு அது கெடயாது. அவன் வட்டத் தொரத்தவே மாட்டான். எதிராளி கண்ணு வட்டு மேல இருக்கும்போது மெதுவா வழுக்கி, தன்னப் பாதிப் பேரு மறந்து போற எடமாப் பாத்து நின்னுக்குவான். மட்டைய ஓங்கினபடியே இருக்கும். வட்டு வந்ததும் நிறுத்துறது, திருப்புறது, பாக்குறது ஒண்ணும் கெடயாது. வந்த வேகத்துல ஒரே அடி. கோலி திரும்பிப் பாக்கும்போது வலை ஆடும். அந்த எடம் பாத்து நிக்குற காலு ஓட்ஸு கொடுத்தது இல்ல. ஓட்ஸு கூட அத மூட்டை கட்டி எடுத்துட்டுப் போகவும் முடியல. உன் காலும் இங்கதான இருக்கு? உன் இன்சைடு பய அதயும் ரயில்ல ஏத்திட்டானா?

‘அவன் லீவுல வருவான் தாத்தா, பெரிய டோர்னமென்ட்டுக்குச் சேந்து ஆடுவோம்’னு நீ உங்க ஆத்தாகிட்ட சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. வரட்டும். அதுக்கும் ஒரு கதை இருக்கு.

எட்மன்டன்ல யாரி குர்ரின்னு பின்லாந்துக்காரன். கிரெட்ஸ்கி கொடுக்க, அவன் அடிக்க, ஒரு சீசன்ல 71, அடுத்ததுல 68. 1988 ஆகஸ்ட்டுல கிரெட்ஸ்கிய லாஸ் ஏஞ்சலஸுக்கு வித்துட்டான். கனடா நாடே அழுதுச்சு. குர்ரி அழுதானோ என்னவோ, அடுத்த சீசன்ல 44 அடிச்சான். அதுக்கடுத்த சீசன்ல 33தான். ஆனா அந்த 33 அடிச்ச 1990லதான் கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மன்டன் அந்த லீக்கோட ஸ்டான்லி கோப்பையத் தூக்குச்சு. பெறகு குர்ரி இத்தாலியில போயி ஒரு வருசம் ஆடிட்டு, 1991ல லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்து சேந்தான். பழைய ஜோடி! ஊரே வாயப் பொளந்து நின்னுச்சு. அடிச்சது 23. ஆளுக்கு வயசும் ஏறியிருந்துச்சு, ஆடுற எடமும் மாறியிருந்துச்சு. சேந்தா எல்லாம் பழையபடி ஆயிரும்னு யாருலே எழுதிக் கொடுத்தா?

நம்ம ஹல்லுக்கும் அந்த யோகம் அடிச்சுது. 1996 பிப்ரவரியில சாட்சாத் கிரெட்ஸ்கியே செயின்ட் லூயிசுக்கு வந்தான். ஓட்ஸு போயி கடவுளே வாளியத் தூக்கிட்டு வந்துட்டார்னு ஊரு கொண்டாடுச்சு. அங்க அவன் ஆடினது லீக் ஆட்டம் பதினெட்டுதான். பிளே-ஆஃப்ல டெட்ராய்ட்காரன் ஏழாவது ஆட்டத்துல, ரெண்டாவது கூடுதல் நேரத்துல, ஒரு கோலப் போட்டு ஊருக்கு அனுப்பி வச்சான். கோடை முடியுமுன்ன கிரெட்ஸ்கி நியூயார்க்குக்கு மூட்டை கட்டிட்டான். முடிஞ்சு போச்சு கொண்டாட்டம்.

ஹல்லு அப்பவும் மட்டையக் கீழ வைக்கல. டல்லஸ் போனான், தன் கோலு பக்கம் எட்டிப் பாக்காத மனுசன் அங்க தடுத்தாடப் படிச்சான். 1999ல பஃபலோ கூட ஆறாவது ஆட்டம், மூணாவது கூடுதல் நேரம். கோப்பைய முடிச்சு வச்ச கோலு அவனோடது. கால் கோலியோட கட்டத்துக்குள்ள இருந்துச்சு, செல்லாதுன்னு பஃபலோக்காரன் இன்னைக்கும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கான். திட்டு வாங்கினாலும் கோப்பை கோப்பைதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. பெறகு டெட்ராய்ட். தலை நரைக்கிற வயசு. பாவல் டாட்சுக்னு ஒரு ரஷ்யாப் பொடியன், புதுசா வந்தவன். இன்னொரு பக்கம் பாய்ட் டெவெரோ. இந்த மூணு பேரு சேந்து ஆடின வரிசைக்கு ‘ரெண்டு பொடிசும் ஒரு ஆடும்’னு பேரு. ஆடு யாருன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. 2002ல அங்கயும் ஒரு கோப்பை. அந்தப் பொடியன் டாட்சுக், பின்னால எதிராளிய அழ வைக்குற ஆட்டக்காரனா ஆனான்.

நாளைக்குக் காலையில சீக்கிரமாப் போ. அந்தச் சின்னப் பயலக் கூப்பிட்டு, கொடிக் கம்பத்துக்கிட்ட நிக்க வச்சு, ‘உனக்கு எந்தப் பக்கம் தள்ளுறது தோதுப்படும்?’னு கேளு. நீ சொல்லாத, அவனச் சொல்ல விடு. அவன் சொல்லுத எடம் உனக்குப் பிடிக்கலன்னாலும் மண்டைய ஆட்டு. அம்பது பந்து தள்ளச் சொல்லு, அம்பதுக்கும் ஓடு. ஒரு பந்து உன் பின்னால போயிருச்சுன்னா கையை விரிக்காத. ‘நல்ல பந்து மாப்ளே, நாந்தான் லேட்டு’னு சொல்லு. பொய்தான். ரெண்டு ஆட்டத்துக்குப் பொய்யாச் சொல்லு, மூணாவது ஆட்டத்துல பாதி நெசமாயிரும். முடிஞ்சதும் அவனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடு. காச எங்கிட்ட கேக்காத, போன மாசம் மட்டை வாங்கன்னு வாங்கினதுல மீதி இன்னும் வரல. இவ்வளவும் செஞ்சு கோலு விழலயா, வா, ரெண்டு பேரும் சேந்து கோச்சத் திட்டுவோம். அதுக்கு நான் எப்பவும் தயார்.