ஸ்லோவில் நிக்க மாட்டேங்குது மாமா!

(இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி குஜிலியம்பாறை வட்டாரம். ஒன்றில் நிஜமாகவே டீசல் கறை. ஆகவே சினிமா, அரசியல் கேள்விகளுக்கு ஒரு வாரம் லீவு.)

பழைய டாடா 407 லாரி வைத்திருப்பவர், குஜிலியம்பாறை

கே: காலையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் நடுங்கி, நின்றுவிடுகிறது. பம்ப்பில் இருக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவை ஒரு சுற்று ஏற்றிவிடட்டுமா மாமா?

ப: கையை எடுங்க மாப்ளே! போன வாரம் வரை அந்த ஸ்க்ரூ அதே இடத்தில்தான் இருந்தது, வண்டியும் ஒழுங்காக நின்று ஓடியது. ஸ்க்ரூ ராத்திரியில் எழுந்து நடக்காது. பசியில் அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டாதீர்கள். டீசல் முழுசாக வருகிறதா, காற்று சுத்தமாக வருகிறதா, வரக் கூடாத வழியில் காற்று வருகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஸ்க்ரூ கடைசிக் குற்றவாளி.

அதே ஊர், அதே வண்டி, அவர் தம்பி

கே: ரோட்டில் விரட்டும்போது நன்றாகத்தானே ஓடுகிறது? நின்றால் மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

ப: கல்யாணப் பந்தியில் ஒரு படி அரிசி குறைந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் வீட்டில் ஒரு பிடி குறைந்தால் உடனே தெரியும். ஐடிலிங்கில், அதாவது ஸ்லோவில், ஒரு நாசில் ஒரு தடவைக்குப் பீய்ச்சுவது ஒரு சொட்டு டீசலில் சின்னஞ்சிறு பங்கு. அதிலும் காற்றுக் குமிழி வந்து பாகப்பிரிவினை கேட்டால் எஞ்சின் நடுங்காமல் என்ன செய்யும்?

லோடு ஏற்றுபவர், வடமதுரை

கே: கார்புரேட்டரைக் கழுவினால் சரியாகிவிடும் என்கிறாரே நண்பர்?

ப: டீசல் லாரியில் கார்புரேட்டர் கிடையாது. அடுத்து ஸ்பார்க் பிளக்கைத் தேடச் சொல்வார், அதுவும் கிடையாது. நண்பரை டீ வாங்க அனுப்புங்கள்.

மினி லாரிக்காரர், எரியோடு

கே: "ஏர் புடிச்சிருக்கு" என்கிறார் மெக்கானிக். குழாய் நெடுகத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஓட்டையே இல்லாமல் காற்று எப்படி மாமா?

ப: நல்ல கேள்வி, இதற்குத்தான் நாலு வரி கூடுதல்.

டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் பொத்தல் இருந்தால் இளநீர் வெளியே ஒழுகுமா? காற்றுதான் வாய்க்கு வரும். எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கத்து ஓட்டை டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே விடும். ஒழுகினால் அது யோக்கியமான ஓட்டை. ஒழுகாததுதான் கள்ளன்.

சந்தேக லிஸ்ட் சின்னது: வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், போன தடவை கழற்றி அதையே திரும்பப் போட்ட செம்பு வாஷர், ஃபில்டர் ரப்பர் வளையம். வாஷர் சில ரூபாய் சமாச்சாரம். அதை மிச்சம் பிடித்துத்தான் பாதிப் பேர் டீசலை வீணடிக்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். அதிலிருந்து தனி ஹோஸ் போட்டு ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். வண்டி தேறிவிட்டால் கோளாறு டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவது போலத்தான். இங்கே பாட்டில் ஏறியதும் வியாதி எங்கே என்று தெரிந்துவிடும். அங்கே பில் வந்த பிறகுதான்.

இல்லத்தரசி, வேடசந்தூர்

கே: காற்று எடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் எல்லா நட்டையும் ஒரே நேரத்தில் தளர்த்திப் போட்டுவிட்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொல்கிறார். அடிக்கவா?

ப: அடிக்காதே தாயி, அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! முதலில் எல்லாவற்றையும் இறுக்கச் சொல். பிறகு டேங்க் பக்கமிருந்து நாசில் பக்கமாக ஒவ்வொன்றாக: ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூ, அடுத்து பம்ப் உடம்பில் உள்ள ஸ்க்ரூ. கைப் பம்ப்பை அமுக்க அமுக்க முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்க வேண்டும். நாசில் நட்டைத் தளர்த்தும்போது மட்டும்தான் உனக்கு செல்ஃப் வேலை. பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காதே, அடுத்த பில் செல்ஃப் மோட்டாருக்கு வரும்.

பக்தர், அய்யலூர்

கே: எலுமிச்சம்பழம் கட்டினால் ஸ்லோ நிற்குமா?

ப: தாராளமாகக் கட்டுங்கள். ஏர் ஃபில்டர் வாயில் மட்டும் கட்டாதீர்கள்.

டாடா 1210 லாரி வைத்திருப்பவர், பாளையம்

கே: ஆறு சிலிண்டரில் ஏதோ ஒன்று 'மிஸ்' அடிக்கிறது. எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஆறு பேர் தேர் இழுக்கிறார்கள். ஒருவர் கையை விட்டால் தேர் சுணங்கும். ஒருவர் கையை விட்டும் தேர் சுணங்கவில்லையா? அவர் முன்னமேயே இழுக்கவில்லை!

ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹை பிரஷர் பைப் நாசிலில் சேருகிற நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான். சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் உழைப்பாளி. மாறாவிட்டால் ஆசாமி கிடைத்துவிட்டார். அவருடைய நாசிலைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாற்றிப் போடுங்கள், புது வாஷரோடு. நோயும் கூடவே இடம் மாறினால் நாசில்தான். அங்கேயே உட்கார்ந்திருந்தால் டேப்பட், வால்வு, ரிங் என்று பர்ஸ் கனமாக இருக்க வேண்டிய சங்கதி.

இந்த இடத்தில் மட்டும் மாமா சிரிக்கவில்லை. அந்த நாசில் திறக்கிற அழுத்தம் 200 பார் அளவு. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். பீய்ச்சும் டீசலுக்கு நேரே விரலைக் காட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்கும் அபாயம். பட்டுவிட்டால் மஞ்சள் பத்து போடாமல் நேரே ஆஸ்பத்திரி. நட்டுக்கு மேலே துணியைப் போர்த்துங்கள், கண்ணாடி போடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், வேடசந்தூர்

கே: டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் மைலேஜ் வருமா?

ப: வரும், பம்ப் கடைக்காரருக்கு! பம்ப்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கு எண்ணெய்க் குளியல் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு போதாது. தேய்ந்த பிளஞ்சர் முதலில் தவறவிடுவது ஸ்லோவைத்தான். பெயர் வேண்டாம் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று.

கல்லூரி மாணவர், திண்டுக்கல்

கே: அப்பாவின் லாரி நின்ற இடத்தில் 'உர்ர்... உம்ம்... உர்ர்... உம்ம்' என்று ஏறி இறங்குகிறது. இதற்கு இயற்பியலில் விளக்கம் உண்டா?

ப: உண்டு. பட்டறையில் இதன் பெயர் ஹண்டிங், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நிலைகொள்ளாத நோய். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்குச் சுழலும் குண்டு கவர்னர் மாட்டினார். அந்த வகைக் கவர்னர்கள் ஏன் நிலைகொள்ளாமல் அலைகின்றன என்று கணக்குப் போட்டு 1868-ல் கட்டுரை எழுதியவர் மாக்ஸ்வெல். மின்காந்தப் பாடத்தில் உங்களைப் படுத்துகிறாரே, அதே ஆசாமி!

அப்பாவிடம் சொல்லுங்கள்: முதலில் காற்றுப் பிடிப்பு, அடைத்த ஃபில்டர். பம்ப்பின் பின்னால் வட்ட டப்பா இருந்து, அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் இன்டேக் பக்கம் போனால் அது வேக்குவம் கவர்னர். உள்ளே உள்ள டயாப்ரம் கிழிந்தாலோ குழாய் ஓட்டையானாலோ இந்தப் பாட்டுதான் பாடும். இரண்டும் இல்லையென்றால் பம்ப் கடை. மாக்ஸ்வெல் ஸ்பேனர் பிடித்ததாகத் தகவல் இல்லை.

விவசாயி, குஜிலியம்பாறை அருகே

கே: ஃபில்டரின் அடியில் தண்ணீர் நிற்கிறது மாமா. பங்க்கில் ஏமாற்றுகிறார்களோ?

ப: குடகனாற்றில் வராத தண்ணீர் உங்கள் டேங்க்கில் வருகிறது, கொடுத்து வைத்தவர்! பங்க்கோடு சண்டைக்குப் போகுமுன் ஒன்று யோசியுங்கள். அரை டேங்க்கில் ராத்திரி நிறுத்தினால் மிச்ச இடத்துக் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டாகும். சாயங்காலமே நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஃபில்டர் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள்.

தக்காளி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

கே: வண்டி அரை மணி ஓடியதும் மூச்சு முட்டி நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்கிறது, பிறகு ஓடுகிறது. பேயா?

ப: பாலித்தீன்! மூடிக்கு மேல் கவரைச் சுற்றிக் கட்டியிருப்பீர்கள், அல்லது மூடியின் மூச்சுத் துளையில் மண் அடைத்திருக்கும். டீசல் போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டாமா? தக்காளிப் பெட்டியில் மட்டும் ஓட்டை போட்டு வைக்கிறீர்களே!

ஓய்வுபெற்ற ஆசிரியர், எரியோடு

கே: புகையின் நிறத்துக்குப் பலன் சொல்லுங்களேன்.

ப: கறுப்பு: டீசல் மிச்சம், காற்று பற்றாக்குறை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வெள்ளை: டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது, சீட்டுப் பணத்தை எடுத்து வையுங்கள். பச்சை வந்தால் எனக்கு எழுதாதீர்கள்.

சுற்றுலா வேன்காரர், வத்தலக்குண்டு

கே: கொடைக்கானல் ஏறியதும் பழைய வண்டி கறுப்பாகக் கக்குகிறது. இறங்கினால் சரியாகிவிடுகிறது.

ப: கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சோறு அதே அளவு, காற்று மட்டும் கம்மி. மேலே வைத்து பம்ப்பைத் திருத்தினீர்களானால் கீழே வந்ததும் திரும்பத் திருத்த வேண்டும். விட்டுவிடுங்கள், ஊட்டி போனாலும் இதே கதைதான்.

செக்கு வைத்திருப்பவர், வேடசந்தூர்

கே: டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது என்கிறார்களே, கதையா?

ப: நிஜம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எண்ணெய் கெட்டி, நாசில் முனையில் பிசின் கட்டும். தவிர, இன்றைய விலையில் தாளிக்கவே கை நடுங்குகிறது, லாரிக்கு ஊற்றினால் லாரியும் சேர்ந்து நடுங்கும்.

பேரன், பாளையம்

கே: தாத்தா எந்த டாடா லாரியைப் பார்த்தாலும் 'பென்ஸ்' என்கிறார். வயசாகிவிட்டதா?

ப: விவரம் தெரிந்தவர். 1954 முதல் 1969 வரை டாடாவுக்கும் டைம்லர் பென்ஸுக்கும் ஒப்பந்தம். லாரி முகத்தில் பென்ஸ் நட்சத்திரமே இருந்தது. நட்சத்திரம் போய்விட்டது, தாத்தா வாயில் மட்டும் ஜொலிக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர், குஜிலியம்பாறை

கே: எதிர்வீட்டு 407 தினமும் விடியற்காலை அரை மணி நேரம் நின்ற இடத்தில் உறுமுகிறது. 'சூடு ஏத்துறேன்' என்கிறார். சூடு எனக்குத்தான் ஏறுகிறது.

ப: நம் ஊர் வெயிலுக்கு அரை மணியா? ஓரிரு நிமிஷம் ஓடவிட்டு மெதுவாக உருட்டினாலே சூடாகிவிடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத முதல் வகுப்பு! (எதிர்வீட்டுக்காரரும் இந்தப் பகுதிக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று சந்தேகம். ஸ்லோ நிற்கவில்லை என்ற பயத்தில் மிதித்துக்கொண்டே நிற்கிறார், பாவம்.)

தரகர், திண்டுக்கல்

கே: புகை சர்டிபிகேட் எடுக்கும்போது ஐடிலிங்கை இறக்கி வைத்தால் பாஸ் ஆகுமா?

ப: ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பது பெட்ரோல் வண்டிக்கு. டீசலுக்கு ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். தப்பான பரீட்சைக்குப் பிட் எழுதியிருக்கிறீர்கள்.

படபடப்பில் எழுதியவர், அய்யலூர்

கே: ஒருநாள் ஸ்டாப்பரை இழுத்தும் எஞ்சின் நிற்காமல் அலறியது. ஓடிவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

ப: ஓடியதில் தப்பில்லை. அடுத்த தடவை வண்டிக்கு முன்னால் ஆள் இல்லையென்று பார்த்து, டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளட்ச்சை விடுங்கள், திணறி நிற்கும். அல்லது காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அடையுங்கள். உள்ளங்கையால் அடைக்காதீர்கள்.

பத்தாவது ஃபெயில், வடமதுரை

கே: மெக்கானிக் படிப்பு இல்லாதவன் எஞ்சினில் கைவைக்கலாமா மாமா?

ப: ஜி.டி. நாயுடு அதிகம் பள்ளிக்கூடம் போனவரில்லை. மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பார்த்தார், 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார். ஒரே ஒரு வித்தியாசம்: அவர் கழற்றியதைத் திரும்ப மாட்டினார்.

அதே 407, குஜிலியம்பாறை (இரண்டாம் கடிதம், முதல் கடிதத்துக்கு ஐந்து நாள் கழித்து)

கே: மன்னியுங்கள் மாமா, உங்கள் பதில் வரும்வரை பொறுக்க முடியாமல் ஸ்க்ரூவைத் திருகிவிட்டேன். பிறகுதான் டேங்க் பக்க ஹோஸில் கிளிப்புக்கு அடியில் வெடிப்பு தெரிந்தது. மாற்றியதும் நடுக்கம் போயிற்று. இப்போது வண்டி நின்றுகொண்டே கரூர் போகிற மாதிரி இரைகிறது. எத்தனை சுற்று ஏற்றினேன் என்று ஞாபகமில்லை.

ப: பார்த்தீர்களா, மேலே சொன்னதுதான்! எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். மறுபடி நடுங்கத் தொடங்கும் இடம் வந்ததும் கொஞ்சம் ஏற்றி நிறுத்துங்கள். வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் வேகத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு, லாக் நட்டை இறுக்குங்கள். ஈய சீல் வைத்த ஸ்க்ரூக்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். மனசு கேட்காவிட்டால் பம்ப் மேல் ஒரு திண்டுக்கல் பூட்டு போட்டுச் சாவியை உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள்.

(இனி எழுதுகிறவர்களுக்கு: வண்டியின் கலர், சாமி பெயர், பின்னால் எழுதியிருக்கும் வாசகம் எதுவும் வேண்டாம். பம்ப்பில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்து, அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.)